இரண்டு சர்வேயர் உள்ள அலுவலகத்துக்கு எந்தப் பிளாட்டர், எந்த ஸ்கேனர்?

கேள்வி இதுதான்: மயிலாடுதுறையில் ஒரு சிறு அலுவலகம். இரண்டு சர்வேயர், ஒரு டிராஃப்ட்ஸ்மேன். வீட்டுப் பிளான், மனைப் பிரிவு லேஅவுட், கோடையில் வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கான லெவல் சர்வே. மாதம் 70 முதல் 100 ஏ1 பிரிண்ட், அவ்வப்போது ஏ0. துணி ஒட்டிய பழைய கிராம வரைபடங்களும் எஃப்எம்பி (புல அளவை வரைபடம்) படிகளும் ஸ்கேன் செய்ய வேண்டும். பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த 36 அங்குல இயந்திரம் ஒன்றை வாங்கிவிடலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். பிரிண்டரைத் தனியாக வாங்குங்கள்; 24 அங்குலமா 36 அங்குலமா என்பதைக் கீழே சொல்கிறேன். ஸ்கேனுக்கு இப்போதைக்கு, தாளைக் கண்ணாடி மேல் வைத்து எடுக்கும் ஏ3 ஃப்ளாட்பெட் ஒன்று போதும். மிஞ்சும் பணத்தில் நல்ல யுபிஎஸ்ஸும், கையிருப்பாக ஒரு செட் இன்க்கும் வாங்கி வையுங்கள்.

பிளாட்டர், அதாவது பெரிய தாளில் படம் அடிக்கும் பிரிண்டர், வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது வேகத்தை. ஏ1 எத்தனை விநாடியில் வரும் என்று கேட்பார்கள். மாதம் 100 ஷீட் என்றால் வேலை நாளுக்கு நாலு ஷீட். அது 25 விநாடியில் வந்தாலும் ஒன்றரை நிமிடத்தில் வந்தாலும் உங்களுக்கு வித்தியாசம் இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மெஷின் ஒரு வருடத்தில் எத்தனை நாள் சும்மா நிற்கும்? டெல்டாவில் வேலை சீராக வராது. ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரும் வேலைக்கான படங்கள் குவியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் இறங்கி அளக்கவே முடியாது. பிளாட்டர் பத்து நாள் பேசாமல் நிற்கும். இன்க்ஜெட் மெஷின் ஓடித் தேய்வதைவிட, நின்று கெடுவதே அதிகம். இன்க்கைத் தெளிக்கும் ஹெட்டில் இன்க் காய்ந்து, அதன் நுண்துளையான நாசில் அடைத்துக்கொள்ளும். அதைத் திறக்க மெஷின் தானே கிளீனிங் செய்யும், அதிலேயே பாதி இன்க் கழிவுத் தொட்டிக்குப் போய்விடும்.

ஆகவே தேர்வு செய்யும்போது முதலில் ஹெட்டைப் பாருங்கள். ஹெச்பி டிசைன்ஜெட் டி வரிசையின் சிறிய மாடல்களிலும் கேனான் இமேஜ்ப்ரோகிராஃப் டிஎம் வரிசையிலும் வெப்பத்தால் இன்க்கைத் தள்ளும் தெர்மல் ஹெட். அது தேய்மானப் பொருள்தான். அடைத்து மீளவில்லை என்றால் புது ஹெட்டை வாங்கி, திரையில் காட்டும் படிகளைப் பார்த்து நீங்களே மாற்றிவிடலாம். எப்சன் ஷூர்கலர் டி வரிசையில், வெப்பம் இல்லாமல் மின்சாரத்தால் அசைந்து இன்க்கைத் தள்ளும் பீசோ ஹெட். அது இயந்திரத்தின் ஆயுள் முழுவதற்கும் என்று பொருத்தப்படுவது. நன்றாக உழைக்கும், ஆனால் கெட்டுப்போனால் மாற்ற இன்ஜினியர்தான் வர வேண்டும், செலவும் கனம். தினமும் ஓடுகிற இடத்துக்கு எப்சன் மிகப் பொருத்தம். நடுவே வாரக்கணக்கில் நிற்கிற, சர்வீஸ் சென்டர் திருச்சியிலோ சென்னையிலோ இருக்கிற ஊருக்கு, கையால் மாற்றக்கூடிய ஹெட் உள்ள மெஷினே பத்திரம்.

இரண்டாவது, இன்க். எப்சன் டி வரிசையிலும் கேனான் டிஎம் வரிசையிலும் எல்லா நிறமும் பிக்மென்ட் (தண்ணீரில் கரையாத நிறத்துகள்). ஹெச்பியின் சிறிய டி மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறமும் டை (தண்ணீரில் கரையும் சாயம்). சைட்டுக்குப் போகும் பிளானில் ஒரு சொட்டு மழைத் தண்ணீரோ வியர்வையோ விழுந்தால் கறுப்புக் கோடு நிற்கும், டை நிறத்தில் போட்ட சிவப்பு எல்லைக் கோடும் நீல வாய்க்காலும் கசிந்து பரவும். வீட்டுப் பிளான் பெரும்பாலும் கறுப்புக் கோடுதான், அதற்கு டை தொல்லை இல்லை. வாய்க்கால் கரையில் பிரித்து வைத்துப் பார்க்கிற படம் என்றால் பிக்மென்ட் வேண்டும். உங்கள் வேலை இரண்டும் கலந்தது. அதனால், மாற்றக்கூடிய ஹெட்டும் முழு பிக்மென்ட் இன்க்கும் சேர்ந்து வரும் கேனான் டிஎம் வரிசைக்கே என் ஓட்டு. ஆனால் அந்த பிராண்டுக்கு உங்கள் பக்கத்தில் சர்வீஸ் ஆள் இல்லை என்றால், ஆள் இருக்கிற பிராண்டையே வாங்குங்கள். சைட் காப்பியில் எல்லைக் கோட்டைக் கறுப்பிலேயே, தடிமனை மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம்.

24 அங்குலமா, 36 அங்குலமா? ஏ1 தாள் 594-க்கு 841 மில்லிமீட்டர், ஏ0 841-க்கு 1189. 24 அங்குல ரோல் 610 மி.மீ., 36 அங்குல ரோல் 914 மி.மீ. அகலம். 45.7 மீட்டர் ரோலில், 24 அங்குலத்தில் ஏ1 நீளவாக்கில் வரும், தொடக்கமும் முடிவும் வீணாவது போக 52 ஷீட் கிடைக்கும். 36 அங்குலத்தில் அதே ஏ1-ஐக் குறுக்காகத் திருப்பிவிட்டால் 74 ஷீட் கிடைக்கும், ஏ0 என்றால் 37. வாய்க்காலின் நீள்வெட்டுப் படத்துக்கு அகலம் தேவையே இல்லை. 1:1000-ல் 2 கிலோமீட்டர் வாய்க்கால் 2 மீட்டர் நீளத் தாளில் அடங்கும், 24 அங்குல ரோலிலேயே அடித்துவிடலாம். 36 அங்குலம் தேவைப்படுவது லேஅவுட்டுக்குத்தான். 400 மீட்டர் பக்கமுள்ள மனைப் பிரிவை 1:500-ல் போட்டால் படமே 800 மி.மீ. ஆகிவிடும். மாதத்துக்கு மூன்று ஏ0-க்கு மேல் வந்தால் 36 வாங்குங்கள். எப்போதாவது ஒன்று என்றால் 24 வாங்கிக்கொண்டு, ஏ0-ஐத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பெரிய பிரிண்ட் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளான் அனுமதி விண்ணப்பம் இப்போது ஒற்றைச் சாளர முறையில் ஆன்லைனில் போகிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையும் இருக்கிறது. அதனால் அனுமதிக்காகக் கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுத்த பழைய கணக்கை வைத்து மெஷின் அளவை முடிவு செய்யாதீர்கள். சைட் காப்பி, பேங்க் லோன் காப்பி, கான்ட்ராக்டர் காப்பி, இவற்றை மட்டும் கடந்த ஆறு மாத பில்களில் எண்ணிப் பாருங்கள். மாதம் 30 ஷீட்டுக்குக் கீழே வந்தால் மெஷினே வேண்டாம், கடையில் எடுப்பதே லாபம்.

பேப்பரில் ஏமாறுவது எளிது, விளக்கமாகவே சொல்கிறேன். இந்த வகை பிளாட்டர்களின் ரோல் கம்பி பெரும்பாலும் 2 அங்குல கோருக்கு (தாள் சுற்றியிருக்கும் அட்டைக் குழாய்). ரோலின் வெளி விட்டம் 100 மி.மீ. வரைதான் போகும் என்று பல சிறிய மாடல்களில் வரம்பு இருக்கிறது. 80 ஜிஎஸ்எம் தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. 50 மீட்டர் தாளை 2 அங்குல கோரில் சுற்றினால் விட்டம் 98 மி.மீ. அளவுக்கு வரும், மயிரிழையில் உட்காரும். அதே 50 மீட்டரை 3 அங்குல கோரில் சுற்றினால் 114 மி.மீ., உள்ளே போகாது. ஜெராக்ஸ் பிளாட்டருக்கான 3 அங்குல கோர் ரோல் விலை மலிவு என்று பத்து ரோல் வாங்கி அடுக்கிவிட்டால் திண்டாட்டம்தான். வாங்குவதற்கு முன் கோர் அளவு, வெளி விட்டம், மீட்டர் மூன்றையும் கேளுங்கள். அட்டைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும், இல்லை என்றால் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

மழைக்காலத்தில் தாள் ஈரத்தைக் குடித்து அலையலையாக எழும். அலையின் மேட்டில் ஹெட் உரசி, தாளின் குறுக்கே கறுப்புத் தீற்றல் விழும், சில சமயம் ஹெட்டே சேதமாகும். பிரித்த ரோலை இரவில் மெஷினிலேயே விடாமல், அது வந்த பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுக் கட்டி வையுங்கள். ரோலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தாதீர்கள், ஓரம் நசுங்கினால் தாள் கோணலாக இழுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்று அடிக்கும் ஜன்னலுக்கு எதிரே மெஷினை வைக்கவே கூடாது.

தாள் ஈரத்தில் நீள்வதை அலட்சியம் செய்யக் கூடாது. மெஷினின் கோட்டு நீளத் துல்லியம் பொதுவாக ±0.1 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். 800 மி.மீ. கோட்டில் அது 0.8 மி.மீ. வீட்டுப் பிளானில் அது ஒன்றுமில்லை. 1:1000 சர்வே படத்தில் 0.8 மி.மீ. என்பது நிலத்தில் 80 சென்டிமீட்டர், வரப்புத் தகராறு வருகிற அளவு. சர்வே படத்தை ஸ்கேல் வைத்து அளப்பவர்கள் இருக்கும் வரை மாதம் ஒரு முறை சோதித்தே ஆக வேண்டும். கேட் (CAD) மென்பொருளில் 500 மி.மீ. கோடு ஒன்றைத் தாள் ஓடும் திசையிலும் இன்னொன்றைக் குறுக்கேயும் வரைந்து, நூற்றுக்கு நூறு அளவில் அடியுங்கள். பத்து நிமிடம் காய விட்டு எஃகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஓடும் திசையில் மட்டும் பிழை இருந்தால் மெஷினின் பேப்பர் அட்வான்ஸ் அளவைத் திருத்தும் வசதியில் சரிசெய்யலாம். குறுக்கே பிழை இருந்தால் அது தாளின் ஈரம், ரோலை மாற்றிப் பாருங்கள். பிடிஎஃப் ரீடரில் ‘ஃபிட்’ தேர்வாகிக் கிடந்தால் இரண்டு திசையிலும் ஒரே விகிதத்தில் படம் சுருங்கும். அளவு தப்பியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மெஷினைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

கரண்ட். டெல்டாவில் பிளாட்டரைக் கொல்வது இது. அச்சடிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் ஹெட் தாளின் நடுவே நின்றுவிடும். வேலை முடிந்ததும் ஹெட் வலது ஓரத்திலோ இடது ஓரத்திலோ உள்ள ரப்பர் மூடியில் போய் உட்கார வேண்டும், அதுதான் இன்க் காயாமல் காக்கிறது. மூடியில் உட்காராமல் ஒரு மே மாதப் பிற்பகல் நாலு மணி நேரம் நின்றால் நாசில்கள் அடைக்கத் தொடங்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்காக, சில இடங்களில் வாரக்கணக்காக மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலையில் தப்ப வழி, புயல் எச்சரிக்கை வந்ததுமே முன்பக்க பட்டனால் முறைப்படி அணைத்து, ஹெட் மூடியில் உட்கார்ந்ததை உறுதி செய்துகொண்டு, பிறகு பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்கி வைப்பது. சுவிட்ச் போர்டில் நேரே அணைக்கிற பழக்கம் மட்டும் யாருக்கும் இருக்கக் கூடாது. டிராஃப்ட்ஸ்மேனிடமும் அலுவலகத்தைப் பூட்டுகிறவரிடமும் இதைத் தனித்தனியே சொல்லுங்கள்.

இன்க்ஜெட் பிளாட்டர் குடிக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். இந்த வகுப்பு மெஷின்கள் அச்சடிக்கும்போது 100 வாட் அளவுக்குள்தான் எடுக்கும். ஒரு கம்ப்யூட்டரோடு சேர்த்து 1 கேவிஏ யுபிஎஸ் போதும். வீட்டு இன்வெர்ட்டர் என்றால் சைன் வேவ் வகையாக, யுபிஎஸ் மோடில் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கரண்ட் மாறும் அந்த நொடியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். பழைய வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மெஷின் பிறகு வரட்டும்.

டோனர் வகை எல்இடி பிளாட்டர்கள் வேறு உலகம். மாதம் பல நூறு ஷீட்டும் 16 ஆம்பியர் லைனும் உள்ளவர்களுக்கு அவை. உங்களுக்கு இல்லை.

இனி ஸ்கேனர். உங்களிடம் வரும் தாள்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். எஃப்எம்பி ஸ்கெட்ச், அ-பதிவேட்டு நகல், பழைய பத்திரங்கள், கையால் திருத்திய சிறு படங்கள் ஒரு குவியல். இவை ஏ4 அல்லது ஏ3-க்குள் அடங்கும். எஃப்எம்பி பலவற்றை அரசின் இ-சேவைத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், ஸ்கேனே தேவைப்படாது. கிராம வரைபடங்கள், அம்மோனியா பிரிண்டுகள், பழைய லேஅவுட் டிரேசிங்குகள் இன்னொரு குவியல். பெரிய ஸ்கேனர் இந்த இரண்டாவது குவியலுக்குத்தான். அது மாதம் பதினைந்து இருபது தாளைத் தாண்டினால் மட்டுமே வாங்குவது நியாயம்.

சேர்ந்த மெஷினை வேண்டாம் என்றதற்குக் காரணம் இந்தக் குவியல்தான். அதில் இருப்பது, தாளை ஒட்டி நின்று படிக்கும் சிஐஎஸ் சென்சார். தாள் கண்ணாடியோடு ஒட்டிப் போனால் கூர்மையாகப் படிக்கும். ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் மங்கிவிடும். மடித்து மடித்து, மடிப்பு வெடித்து, துணி ஒட்டிய கிராம வரைபடம் மட்டமாகப் போகாது, மடிப்புக் கோட்டின் இரு பக்கமும் புல எண்கள் கலங்கித் தெரியும். சிசிடி கேமரா வகை ஸ்கேனர் இந்த மேடுபள்ளத்தைத் தாங்கும், விலையும் அதிகம். கூடவே, உருளை இழுத்து உள்ளே தள்ளும் எந்த ஸ்கேனரிலும் கிழிந்த மூலத்தை அப்படியே கொடுப்பது ஆபத்து. 100 மைக்ரான் அளவுள்ள தெளிவான பாலியஸ்டர் ஷீட்டை இரண்டாக மடித்து, நடுவில் படத்தை வைத்து, மடிந்த பக்கம் முதலில் போகும்படி கொடுக்க வேண்டும். கிழிசலில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது, அதன் பசை கண்ணாடியில் இறங்கும்.

சேர்ந்த மெஷினில் இன்னொரு சங்கடம்: ஒரு பாதி கெட்டால் இரண்டு பாதியும் சர்வீஸுக்குக் காத்திருக்கும். ஆனால் சைட்டில் சிவப்புப் பேனாவால் திருத்திய பிளானை அன்றாடம் நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுக்கும் அலுவலகம் என்றால் சேர்ந்த மெஷினே சரி. புதிய, மட்டமான தாளுக்கு சிஐஎஸ் நன்றாகவே வேலை செய்யும்.

எத்தனை டிபிஐ என்பதில் வீண் செலவு நடக்கிறது. 16 அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய கிராம வரைபடம் 1:3960. அதில் 1 மி.மீ. நிலத்தில் கிட்டத்தட்ட 4 மீட்டர். 300 டிபிஐ-யில் ஒரு பிக்சல் 0.085 மி.மீ., அதாவது நிலத்தில் 34 சென்டிமீட்டர். வரைந்த பேனாக் கோட்டின் தடிமன் 0.3 மி.மீ. என்றாலும் அது 1.2 மீட்டர். கோடே அவ்வளவு பருமன் என்னும்போது 1200 டிபிஐ வாங்கி எதைக் கூர்மையாக்கப் போகிறீர்கள்? 300 போதும், எழுத்து மங்கியிருந்தால் 400. ஏ0-ஐ 400 டிபிஐ கலரில் எடுத்தால் சுருக்காத ஃபைல் 740 எம்பி, கிரேயில் 250 எம்பி. எல்லைக்கு நிறம் தீட்டிய படத்துக்கு மட்டும் கலர். அம்மோனியா பிரிண்டைக் கறுப்பு-வெள்ளை மோடில் எடுக்காதீர்கள், பின்புலமே நீலமாக இருப்பதால் பாதி எண்கள் அப்பிக்கொள்ளும். கிரேயில் எடுத்துப் பிறகு பின்புலத்தை வெளுக்க வையுங்கள். மூல ஃபைலை டிஃப் (TIFF) ஆகவும், அனுப்புவதற்கு மட்டும் பிடிஎஃப் ஆகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படம் தானே சுருங்கியிருக்கும், அதுவும் இரண்டு திசையில் இரண்டு அளவாக. ஸ்கேன் செய்ததை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும்போது நாலு மூலையில் மட்டும் புள்ளி கொடுத்து நிறுத்தாமல், நிலத்தில் இன்றும் கிடைக்கும் முச்சந்திக் கல், கோயில் மூலை, பாலம் என்று எட்டு பத்து புள்ளி கொடுங்கள்.

பெரிய ஸ்கேனரில் கண்ணாடி மேல் ஒரு தூசி இருந்தால் படம் முழுக்க ஒரு நேர்கோடு விழும். தாள்தான் நகர்கிறது, தூசி நகர்வதில்லை. அந்தக் கோட்டை வாய்க்கால் என்று யாரும் டிஜிட்டைஸ் செய்துவிடக் கூடாது. தினமும் காலையில் துடைத்துவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். சாய்வான நீண்ட கோடு ஒன்றையும் ஸ்கேன் செய்து பாருங்கள். கோட்டில் படிக்கட்டுபோல வெட்டு தெரிந்தால் சென்சார் துண்டுகள் சேருமிடத்தில் அளவு விலகியிருக்கிறது, கேலிபரேஷன் ஷீட் போட்டுத் திருத்த வேண்டும்.

பிரிண்டருக்குள்ளும் துடைக்க ஓர் இடம் உண்டு. ஹெட்டைத் தாங்கி ஓடும் கேரேஜின் பாதை நெடுக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, மயிர்க்கோடுகள் அடித்து, கட்டியிருக்கும். எங்கே நிற்கிறோம் என்பதை ஹெட் அதைப் பார்த்துத்தான் அறிகிறது. அதில் இன்க் தூவலோ பல்லி எச்சமோ பட்டால் கேரேஜ் ஒரு பக்கம் போய் ‘டொக்’ என்று மோதி எர்ரர் காட்டும். மெஷினை அணைத்து, நூல் உதிராத துணியை டிஸ்டில்ட் வாட்டரில் லேசாக நனைத்து, பட்டையை இழுக்காமல் மெதுவாகத் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும். ஸ்பிரிட் போடாதீர்கள், சில பட்டைகளில் கோடே அழிந்துவிடும். இரவில் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளே பூட்டும்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் வருமா என்று பார்ப்பவர்களுக்கு: பழைய டிசைன்ஜெட் 500, 800 இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கேரேஜ் பெல்ட்டை விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தாலோ கறுப்பாக உதிர்ந்தாலோ அந்த பெல்ட்டின் ஆயுள் முடிந்தது. யூசேஜ் ரிப்போர்ட் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று உங்கள் லேப்டாப்பையே கொண்டுபோய் இணைத்துப் பாருங்கள்.

புது மெஷினுக்குப் பணம் கட்டும் முன் விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: வாரன்டி ஆன்-சைட்டா, இன்ஜினியர் எந்த ஊரிலிருந்து வருவார், எத்தனை வேலை நாளுக்குள், ஹெட்டும் கழிவு இன்க் தொட்டியும் கையிருப்பில் எங்கே இருக்கின்றன. ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் ஹெட் அதில் சேருமா சேராதா என்பதைத் தனியாகக் கேளுங்கள், பெரும்பாலும் சேராது. பெட்டியோடு வரும் கார்ட்ரிட்ஜ் அறிமுக அளவுதான், முழு அளவு இல்லை. அதன் கணிசமான பங்கு முதல் நாளே குழாய்களையும் ஹெட்டையும் நிரப்பப் போய்விடும். டெமோவுக்கு அவர்கள் வைத்திருக்கும் வண்ணப் படத்தைப் பார்த்து மயங்காமல், உங்கள் சர்வே படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய் அடித்து வாங்குங்கள். 2 மி.மீ. உயரத் தமிழ் எழுத்தில் ‘ணை’, ‘றோ’ பிரிந்து தெரிகிறதா, 0.13 மி.மீ. கோடு விட்டுவிடாமல் வருகிறதா, வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக மாடிப்படி. 36 அங்குல மெஷினின் அகலமே சுமார் 1.3 மீட்டர், பெட்டி அதைவிட நீளம், ஸ்டாண்டோடு எடை 40 முதல் 60 கிலோ வரை வரும். மயிலாடுதுறை கடைத்தெருப் பழைய கட்டடங்களில் படியின் திருப்பத்தில் பெட்டி சிக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பெட்டியின் மூன்று அளவையும் கேட்டு வாங்கி, ஒரு அட்டையை அந்த நீளத்துக்கு வெட்டிப் படியில் திருப்பிப் பாருங்கள். சாய்த்துத் தூக்கக் கூடாத பாகம் எது என்று பெட்டியின் மேல் அம்புக்குறி போட்டிருக்கும், தூக்குபவர்களிடம் அதை முதலில் காட்டுங்கள்.